வந்து சேராத திட்டு

முட்டிக்கொண்டதென்னவோ இரண்டு நெற்றிகள்தான். ஆனால் அந்த விளையாட்டுக் கூடத்தின் கூரையே தலையில் இறங்கியது போல் இருந்தது அவளுக்கு.

பந்து எங்கேயோ உருண்டு போனது. வழவழப்பான மரத்தரையில் அவள் ஒரு பக்கம், அவன் ஒரு பக்கம் மல்லாக்கக் கிடந்தார்கள். நான்கு வாரமாக வகுப்பில் உருப்போட்ட அந்நிய மொழி வார்த்தைகள் அத்தனையும் ஒரே நொடியில் காணாமல் போய், அவள் வாயிலிருந்து வந்தது இது மட்டும்தான்.

“அய்யோ... அம்மா!”

பக்கத்தில் கிடந்தவன் நெற்றியைப் பிடித்தபடியே தலையைத் திருப்பினான்.

“என்னது... அம்மாவா? நீங்க தமிழா?”

அவளுக்கு வலி போன இடம் தெரியவில்லை. இந்த ஊரில் தன்னையும் அக்காவையும் தவிர வேறு யாராவது தமிழ் பேசி அவள் கேட்டதே இல்லை. அதுவும் இவ்வளவு கிட்டத்தில், இவ்வளவு பெரிய கண்களோடு...

“ஆமா... நீங்க?”

“அப்பா அம்மா தமிழ். நான் இங்கேயே பொறந்தவன். அடிபட்டா எனக்கும் அம்மாதான் வரும். இன்னிக்கு நீங்க முந்திக்கிட்டீங்க!”

நெற்றி வீங்கிக்கொண்டிருந்தது. அப்படியும் சிரித்தான் அவன். சிரித்தால் கண் இரண்டும் பாதியாகிவிடுகிற முகம். அவள் சட்டென்று எழுந்து பின்னலைச் சரிசெய்வது போல் வேறு பக்கம் திரும்பிக்கொண்டாள். நெஞ்சு படபடத்தது. ஓடியதால்தான் என்று தனக்குத் தானே சொல்லிக்கொண்டாள்.

உண்மையில் அவள் இங்கே விளையாட வந்தவளே இல்லை. ஊரில் ஆறு வருஷம், பிறந்த குழந்தைகளின் தீவிர சிகிச்சைப் பிரிவில் நர்ஸ். இங்கே ஒரு மருத்துவமனையில் வேலை காத்திருந்தது. ஆனால் உள்ளூர் மொழியில் தேர்வு எழுதி, பேசிக் காட்டித் தேறினால்தான் சீருடை. அந்த மொழி வகுப்பு நடந்தது இந்தக் கட்டடத்தின் மாடியில். செவ்வாயும் வியாழனும் சாயங்காலம் வகுப்பு விடும். அன்றைக்குச் செவ்வாய்க்கிழமை. மழை கொட்டோ கொட்டென்று கொட்ட, குடை இல்லாதவள் படியிறங்கி வந்து கீழ்க்கூடத்து வாசலில் ஒதுங்கினாள்.

உள்ளே தொம்... தொம்... என்று சத்தம். வாலிபால்! கல்லூரி அணியில் அவள்தான் லிஃப்டர். வலை ஓரத்தில் நின்று, அடிப்பவர்களுக்குத் தோதாகப் பந்தைத் தூக்கிக் கொடுக்கிற வேலை. எட்டு வருஷமாகப் பந்தைத் தொடவில்லை. கால் தானாக உள்ளே போயிற்று. தாறுமாறாகப் பறந்து வந்த பந்து ஒன்றைப் பத்து விரலிலும் வாங்கி, வலைக்கு மேலே பூ மாதிரி தூக்கி வைத்தாள். கூடமே ஒரு கணம் அடங்கிவிட்டது.

“நீ! உள்ள வா!” கழுத்தில் விசிலோடு நின்ற குள்ளமான அம்மாள் கையை ஆட்டினார். அவர்தான் பயிற்சியாளர். பகலில் அந்த ஊரின் பல் டாக்டர். அணியில் ஒரு பேக்கரிக்காரர், பஸ் ஓட்டுகிற பெண், ரெட்டைப் பிறவிகளான இரண்டு கல்லூரி மாணவிகள், இப்போது நெற்றி வீங்கிக் கிடக்கிற இவன். ஆறாவது ஆள் இல்லாமல் தவித்துக்கொண்டிருந்தார்கள். உள்ளே போன பத்தாவது நிமிஷம் ஒரே பந்துக்கு இரண்டு பேரும் ஓடி...

டாக்டரம்மா வந்தார். விசிலைத் துப்பிவிட்டு, இடுப்பில் கை வைத்து, மூச்சு விடாமல் ஒரு நிமிஷம் கத்தினார். அவளுக்கு ஒரு சொல்கூடப் பிடிபடவில்லை. திருதிருவென்று விழித்தாள்.

“என்ன சொல்றாங்க?”

அவன் ஒரு நொடி யோசித்தான். “கை ரொம்ப நல்லா இருக்காம். நம்ம அணியில சேர்ந்துக்கச் சொல்றாங்க.”

“இதுக்கா இவ்வளவு சத்தம்?”

“அவங்க பாராட்டினாலே இப்படித்தான். திட்டும்போது நீங்க பார்த்ததில்லையே...”

அவள் முகம் பூரித்துப் போயிற்று. அந்தப் பூரிப்பைப் பார்த்துக்கொண்டே நின்றான் அவன். பாவி, அந்த இடத்திலேயே விழுந்தான்.

*

அவன் தபால்காரன். காலையில் சைக்கிளில் பையோடு தெருத்தெருவாகச் சுற்றுவான். அவள் குடியிருக்கும் தெருவும் அவனுடைய சுற்றில்தான் வந்தது. இது தெரிந்த மறுநாளிலிருந்து மூன்றாம் மாடிக் கதவின் மணி அடிக்க ஆரம்பித்தது.

“கீழ எல்லார் வீட்டுக்கும் பெட்டி இருக்குல்ல?” என்றாள் அக்கா. பெரியம்மா பொண்ணு. முதியோர் இல்லத்தில் வேலை. இரண்டு வருஷம் முன்பே வந்து அறை எடுத்து, தங்கையை வரவழைத்தவள். “கார்ப்பெட் விளம்பரக் காகிதத்தைக் கையில குடுக்கறதுக்கு ஒருத்தன் மூணு மாடி ஏறுறான். நம்ம வீட்டுல கார்ப்பெட்டே கிடையாது. என்னடி நடக்குது இங்க?”

“எனக்கென்ன தெரியும்... அவரு கடமை தவறாத ஆளு!”

“ஓஹோ... அவரு!”

தலையணை ஒன்று அக்காவை நோக்கிப் பறந்தது.

செவ்வாயும் வியாழனும் எப்போது வரும் என்று இருந்தது அவளுக்கு. வகுப்பு முடியும் முன்பே காலுக்கு ஷூ மாட்டியிருப்பாள். கீழே போனதும் வேர்வை, சிரிப்பு, தொம் தொம்மென்ற பந்துச் சத்தம். அவள் தூக்கிக் கொடுக்க, அவன் காற்றில் எழும்பி அடிக்க... அந்தப் பந்து எதிர்ப்பக்கத் தரையில் வெடிக்கும்போது உள்ளங்கால் வரைக்கும் சிலிர்க்கும். டாக்டரம்மா ஒவ்வொரு நாளும் அவளைப் பார்த்து நீளமாகக் கத்துவார். அவன் சுருக்கமாகச் சொல்லுவான்.

“இன்னிக்கு விரல் நல்லா மடங்குதாம்.”

“ரெண்டு நிமிஷம் கத்தினாங்க... இவ்வளவுதானா?”

“இந்த ஊரு மொழியே அப்படிங்க. ‘வாங்க’ன்னு சொல்றதுக்கே அரைப் பக்கம் ஆகும்.”

அணியில் ஒரு வழக்கம் இருந்தது. பந்து யாருக்கு வருகிறதோ அவர் ‘எனக்கு!’ என்று கத்த வேண்டும். லிஃப்டராக இருந்தால் யாருக்குத் தூக்கப் போகிறாள் என்பதையும் கத்த வேண்டும். பேக்கரிக்காரர் கத்தினால் ஜன்னல் அதிரும். அவள் மட்டும் கத்தவில்லை. கல்லூரியில் கண்ஜாடையிலேயே ஆடிப் பழகியவள். அதற்கு மேல் ஆறு வருஷம், உள்ளங்கை அளவு குழந்தைகள் தூங்குகிற அறையில் வேலை. அங்கே ஒரு கிண்ணம் கீழே விழுந்தாலே குற்றம். எல்லாரும் காதோடு காதாகத்தான் பேசுவார்கள். அந்தக் குரலே அவளுக்கு நிலைத்துவிட்டது. 

“முடிஞ்சா கொஞ்சம் சத்தம் குடுங்க... அவசரமில்ல, மெதுவா வரட்டும்,” என்றான் அவன் ஒரு நாள். 

அவளும் கொடுத்தாள். வலையின் நூலுக்குக்கூடக் கேட்டிருக்காது. அதனாலென்ன, டாக்டரம்மாதான் தினமும் பாராட்டுகிறாரே!

பயிற்சி முடிந்து பஸ் நிறுத்தம் வரை ஒரே குடையில் நடப்பார்கள். குடை அவனுடையது, ஆனால் நனைவதும் அவன்தான். இடது தோள் முழுக்க ஈரமாகியிருக்கும். “இந்தப் பக்கம் வாங்களேன்” என்று சொல்ல அவளுக்கு நா எழாது. அவன் மேல் விழும் ஒவ்வொரு துளியையும் ஓரக்கண்ணால் எண்ணிக்கொண்டே நடப்பாள். பஸ் சீக்கிரம் வந்துவிடக் கூடாதே... என்று அந்த ஊரிலேயே வேண்டிக்கொண்டவள் அவள் ஒருத்தியாகத்தான் இருப்பாள்.

ஊர்களுக்கு இடையிலான ஆட்டம் ஞாயிற்றுக்கிழமை என்று முடிவானது. ஆறு பேரில் தான் ஒருத்தி என்பதில் அவளுக்குச் சந்தேகமே இல்லை. அம்மாவிடம் போனில்கூடச் சொல்லிவிட்டாள்.

*

ஏழு வாரம் போயிருந்தது. ஒரு மொழி உள்ளே நுழைகிற நாளை முன்கூட்டிச் சொல்ல முடியாது. வகுப்பில் முட்டி மோதிக்கொண்டே இருப்போம். திடீரென்று ஒரு நாள் பஸ்ஸில் பின்சீட்டுக்காரர் பேசுவது புரிந்துவிடும். அவளுக்கு அது நேர்ந்த இடம் விளையாட்டுக் கூடம். கிழமை வியாழன். ஆட்டத்துக்கு மூன்றே நாள்.

டாக்டரம்மா வழக்கம் போல விசிலைத் துப்பிவிட்டு வந்தார். வழக்கம் போலக் கத்தினார். அன்றைக்கு ஒவ்வொரு சொல்லும் தனித்தனியாக, துல்லியமாக அவள் காதில் வந்து விழுந்தது.

“இன்னும் ஊமையாவே நிக்கிறா! கை தங்கம்தான், வாய் திறக்கலைன்னா அந்தக் கையை வச்சு நான் என்ன பண்ண? ஏழு வாரமா சொல்றேன்! ஞாயித்துக்கிழமை இவளை வெளியில உட்கார வைக்கப் போறேன். இதை அப்படியே அவகிட்ட சொல்லு!”

அவன் அவள் பக்கம் திரும்பினான். அதே சிரிப்பு. பாதியாகும் அதே கண்கள்.

“கை தங்கம்னு சொல்றாங்க.”

அவளுக்குக் காதெல்லாம் சூடாகிவிட்டது.

“அப்புறம்?”

“அப்புறம்... ஞாயித்துக்கிழமை நல்லா ஓய்வெடுக்கணுமாம்.”

“ஆமா. பெஞ்சுல உட்கார்ந்து ஓய்வெடுக்கணும். இல்ல?”

அவன் சிரிப்பு அப்படியே உறைந்துபோயிற்று.

“உங்களுக்கு... புரிஞ்சுதா?”

“எல்லாம் புரிஞ்சுது! ஏழு வாரமா திட்டியிருக்காங்க. நீங்க ஏழு வாரமா சர்க்கரை தடவிக் குடுத்திருக்கீங்க! நான் என்ன பச்சைக் குழந்தையா? நல்லா ஆடுறேன்னு நம்பி... எங்க அம்மாகிட்டகூட...” குரல் உடைந்தது. “எல்லாரும் பார்க்க என்னைக் கோமாளி ஆக்கிட்டீங்க!”

“இல்லங்க... நான்...”

“பேசாதீங்க. இனிமே எனக்கும் மத்தவங்களுக்கும் நடுவுல நீங்க வேண்டாம்.”

பையை எடுத்துக்கொண்டு மழையில் இறங்கி நடந்தாள். பின்னால் குடையோடு ஓடி வந்தவனைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. முகத்தில் வழிந்தது மழைதான் என்று அக்காவிடம் சாதித்தாள். அக்கா நம்பவில்லை, ஆனால் நம்பியது போல் துண்டை எடுத்துக் கொடுத்தாள்.

“விட்டுடப் போறியா?”

“யாரை?”

“நான் வாலிபாலைக் கேட்டேன்டி,” என்றாள் அக்கா.

*

மறுநாள் காலை. பல் ஆஸ்பத்திரிக்குள் தனியாக நுழைந்தாள். கூட மொழிபெயர்க்க ஆள் இல்லை. மனப்பாடம் செய்து வந்த நான்கு வாக்கியங்கள் இருந்தன.

“வணக்கம், டாக்டர். பல் வலி இல்லை. எனக்கு உண்மை வேணும். ஏழு வாரம் நீங்க சொன்னது... எல்லாம்... திரும்பச் சொல்லுங்க.”

டாக்டரம்மா முகமூடியை இறக்கிவிட்டு அவளை ஏற இறங்கப் பார்த்தார். காலியாக இருந்த நோயாளி நாற்காலியைக் காட்டினார். அவள் உட்கார்ந்ததும் நாற்காலி பின்னால் சாய்ந்தது. தலைக்கு மேலே விளக்கு எரிந்தது.

முதல் நாள் அவர் கத்தியதிலிருந்து ஆரம்பித்தார். ‘கத்தாமல் பந்துக்கு ஓடுவாளா ஒருத்தி! யார் பல்லாவது உடைந்தால் நான்தானே ஒட்ட வைக்க வேண்டும்!’ அதிலிருந்து நேற்று வரை, வாரம் தவறாமல். பாதிக்கு மேல் புரிந்தது. மீதியை அவர் கை ஆட்டலே விளக்கிவிட்டது.

“ஆனா அந்தத் தபால்காரன் ஒவ்வொரு வாரமும் என்கிட்ட வந்து, ‘அவங்களுக்குப் புரிஞ்சிடுச்சு டாக்டர், அடுத்த வாரம் கண்டிப்பா கத்துறேன்னு சொல்லியிருக்காங்க’ன்னு சொன்னானே?”

“நான்... அப்படிச் சொல்லலை!”

இருவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். படவா... இந்தப் பக்கமும் புளுகு, அந்தப் பக்கமும் புளுகு!

“சரி,” என்றார் டாக்டரம்மா. அவர் மூக்கு விடைத்திருந்தது. “ஞாயித்துக்கிழமை வெளியில உட்காரப் போறது அவன். நீ இறங்கு. ஆனா இப்ப வாயைத் திற. இந்த நாற்காலியில உட்கார்ந்து வாய் திறக்காம எழுந்து போனவங்க யாரும் கிடையாது. கத்து!”

“எனக்கு...”

“கொசு கத்துது. இன்னும்!”

“எனக்கு!”

“இன்னும்!”

“எனக்குஉஉ!”

வெளியே காத்திருந்த நோயாளிகளில் இரண்டு பேர் எழுந்து வீட்டுக்குப் போய்விட்டார்கள்.

*

ஞாயிற்றுக்கிழமை. கூடம் நிரம்பி வழிந்தது. அக்கா முதல் வரிசையில். பெஞ்சில், முழங்காலில் கையூன்றித் தலை குனிந்து அவன். இரண்டு நாளாகக் கதவு மணியும் அடிக்கவில்லை. விளம்பரக் காகிதங்கள் கீழ்ப்பெட்டியில் ஒழுங்காகக் கிடந்தன. அதைப் பார்த்து அவளுக்கு நிம்மதியாக இருந்திருக்க வேண்டும். இல்லை.

முதல் செட்டில் அவள் கத்தினாள். பேக்கரிக்காரர் திரும்பிப் பார்த்துத் தடுமாறி விழப்போனார். ரெட்டையர் கைதட்டினார்கள். முதல் செட் இவர்கள் அணிக்கு! இரண்டாவதில்தான் தடம் புரண்டது. தபால்காரன் இடத்தில் நின்றவர் பேக்கரிக்காரரின் மச்சான். நல்ல மனிதர். ஆனால் அவள் தூக்கிக் கொடுத்த பந்தையெல்லாம் மாவு பிசைகிறது போலத் தட்டினார். செட் போயிற்று. பதினைந்து புள்ளிக்கான மூன்றாவதில் ஆறுக்கு ஒன்பது என்று பின்தங்கினார்கள். டாக்டரம்மா ஓய்வு கேட்டுக் கையைக் காட்டினார்.

அவள் பெஞ்சைப் பார்த்தாள். அவனும் நிமிர்ந்து பார்த்தான். கண்ணில் கெஞ்சல் இல்லை. ‘வலது மூலை காலியா இருக்கு, அங்க தூக்குங்க’ என்று விரலால் காட்டினான். உட்கார வைத்தும் ஆட்டத்தைத்தான் பார்த்துக்கொண்டிருக்கிறான்... அவளுக்கு என்னவோ செய்தது.

நேராக டாக்டரம்மாவிடம் போனாள். உள்ளூர் மொழியில், யார் துணையும் இல்லாமல் பேசினாள்.

“தபால்காரரை இறக்குங்க.”

“அவன் பொய் சொன்னான்.”

“ஆமா. எனக்கு இன்னும் கோபம். நிறையக் கோபம். ஆனா நான் தூக்கிக் குடுக்கிற பந்தை அவர் மட்டும்தான் சரியா அடிப்பார். தயவுசெய்து இறக்குங்க!”

சொல்லி முடித்த பிறகுதான் தெரிந்தது. கூடம் முழுவதற்கும் கேட்டிருக்கிறது. கடைசி வரிசையிலிருந்து யாரோ விசிலடித்தார்கள். அக்கா இரண்டு கையாலும் முகத்தை மூடிக்கொண்டு சிரித்தாள். டாக்டரம்மாவின் உதடும் லேசாகத் துடித்தது. அவன் பக்கம் திரும்பித் தலையை அசைத்தார்.

அப்புறம் ஆடியதுதான் ஆட்டம்! அவள் கத்த, அவன் எழும்ப, பந்து வெடிக்க... ஒன்பது, பத்து, பன்னிரண்டு. பதிமூன்றுக்குப் பதிமூன்று! கூடமே எழுந்து நின்றது. ஒரு புள்ளி போயிற்று. கடைசிப் பந்து உயர எழும்பி அவளிடம் வந்தது. தூக்கினாள். கொஞ்சம் தாழ்ந்துவிட்டது. அவன் எட்டி அடித்தும் வலையில் பட்டு இந்தப் பக்கமே விழுந்தது.

தோற்றுப் போனார்கள். ஆனால் தோற்றவர்கள் மாதிரி யாரும் இல்லை. ரெட்டையர் அவளைத் தூக்கிச் சுற்றினார்கள். டாக்டரம்மா அவள் கன்னத்தைக் கிள்ளிவிட்டு, தபால்காரன் முதுகில் ஓங்கி ஒன்று வைத்தார்.

*

எல்லாரும் போன பிறகு இருவரும் வலையைக் கழற்றி மடித்துக்கொண்டிருந்தார்கள். ஜன்னலில் மழை. ஒரு முனையில் அவள், மறு முனையில் அவன். மடிக்க மடிக்க நடுவில் இருந்த தூரம் குறைந்துகொண்டே வந்தது.

“ஏன் அப்படிப் பண்ணினீங்க?” என்றாள் கடைசியில்.

அவன் வலையைப் பார்த்துக்கொண்டே பேசினான். “முதல் நாள் அவங்க திட்டினதை அப்படியே சொல்லியிருந்தா, நீங்க அன்னிக்கே கிளம்பிப் போயிருப்பீங்க. மறுபடியும் எங்க போய் உங்களைப் பார்க்கறது? அந்தப் பயம்தான். ஒண்ணு சொன்னேன்... அதைக் காப்பாத்த இன்னொண்ணு... கடைசியில ரெண்டு பக்கமும் மாட்டிக்கிட்டேன். தப்புதான். உங்க முதுகுக்குப் பின்னால நான் முடிவு பண்ணியிருக்கக் கூடாது.”

அவள் வலையின் அடுத்த மடிப்பை அழுத்தி நீவினாள்.

“அப்ப இப்ப உண்மையைச் சொல்லுங்க. இன்னிக்கு நான் எப்படி ஆடினேன்? பூசி மெழுகினா இப்படியே போயிடுவேன்.”

அவன் நிமிர்ந்தான். தொண்டையைச் செருமினான். “மூணாவது செட்ல நாலு பந்து தாழ்வா வந்துச்சு. கடைசிப் புள்ளி உங்களாலதான் போச்சு.”

சுள்ளென்றுதான் இருந்தது. ஆனால் அடுத்த நொடியே ஏழு வாரப் பாராட்டில் கிடைக்காத ஒரு நிம்மதி அவளுக்குள் இறங்கியது. இவன் சொன்னால் இனி நம்பலாம்...

“வேற? இன்னும் உண்மை பாக்கி இருக்கா?”

“இருக்கு.” அவன் குரல் நடுங்கியது. “நெத்தியில முட்டின அன்னிலேர்ந்து உங்களைத் தவிர வேற நினைப்பே இல்ல. உங்களை அவ்வளவு பிடிச்சிருக்கு. இது வேற யாரோ சொல்லி நான் மாத்திச் சொல்றது இல்ல. நானே சொல்றது.”

மழை ஜன்னலைத் தட்டிக்கொண்டே இருந்தது. அவள் முகம் சிவந்து, குனிந்து, மறுபடி நிமிர்ந்தது.

“தாழ்ந்து வந்தது நாலு பந்து இல்ல...” என்றாள். “அஞ்சு.”

“அஞ்சா? நான் நாலுதான் பார்த்தேன்...”

“ஒண்ணை நீங்க எப்படியோ எட்டி அடிச்சுட்டீங்க. அதனால கவனிக்கல.” குரல் மறுபடி அந்தக் குழந்தைகள் அறைக்குப் போய்விட்டது. அவன் குனிந்துதான் கேட்க வேண்டியிருந்தது. “அஞ்சு தடவையும் நான் பந்தைப் பார்க்கல... உங்களைத்தான் பார்த்துட்டு இருந்தேன்.”